டேங்க் நிரப்பும்போது உண்மையில் எதில் காசு மிச்சமாகும்?

திண்டிவனம்_வேகன்ஆர்:

வணக்கம். வண்டி வேகன் ஆர் 1.2 பெட்ரோல், 2019 மாடல், மேனுவல் கியர். மாதம் சுமார் 1,200 கி.மீ. ஓட்டம், லிட்டருக்கு 16 கிடைக்கிறது. கணக்குப் போட்டால் மாதம் 75 லிட்டர். லிட்டர் 101 என்று வைத்தால் 7,600 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே. இதில் எதைக் குறைக்க முடியும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆளுக்கொன்று சொல்கிறார்கள். விடியற்காலையில் போட்டால் அளவு கூடுதலாகக் கிடைக்குமாம். 500-க்குப் போடாமல் 510, 520 என்று போட வேண்டுமாம். பெட்ரோல் ஊற்றும் கன்னை மெதுவாக அழுத்தச் சொல்ல வேண்டுமாம். 95 ஆக்டேன் பிரீமியம் பெட்ரோல் போட்டால் மைலேஜ் ஏறி அந்தக் காசு திரும்பி வந்துவிடுமாம். திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி 38 கி.மீ.தான், அங்கே போய் நிரப்பிக்கொண்டு வா என்றும் சொல்கிறார்கள். இதில் எது நிஜம்?

இன்னொரு சந்தேகம். என் டேங்க் 32 லிட்டர் என்று மேனுவலில் இருக்கிறது. இந்த வாரம் ஃபுல் பண்ணியபோது பில்லில் 33.4 லிட்டர். ஒரு சொட்டு கூட இல்லாத டேங்காக இருந்தாலும் 32-தானே பிடிக்க வேண்டும்? இது மோசடிதானே?

---

அளவுகோல்:

கடைசிக் கேள்வியிலிருந்தே வருகிறேன், ஏனென்றால் பங்க்கில் அதிகம் சண்டை வருவது இதற்காகத்தான். 33.4 லிட்டரை மட்டும் வைத்து மோசடி என்று சொல்ல முடியாது. மேனுவலில் போடும் 32 என்பது கம்பெனி அறிவிக்கும் கொள்ளளவு. பெட்ரோல் சூட்டில் விரிவதற்கும் ஆவி நிற்பதற்கும் டேங்கின் மேல்பகுதியில் காலி இடம் விட்டிருப்பார்கள். அதோடு மூடியிலிருந்து டேங்க் வரை வரும் குழாயும் இருக்கிறது. இதெல்லாம் அந்த 32-ல் சேராது. கன் தானாகக் கட் ஆன பிறகும் விடாமல் ஊற்றினால் 32 லிட்டர் டேங்க் 35-ஐத் தாண்டியும் வாங்கும். உங்கள் பில்லைப் பார்த்தால் எனக்கு வரும் கேள்வி வேறு: முதல் கட்டிலேயே நிறுத்தினார்களா, இல்லை தொகையை ரவுண்டாக்க மேலும் ஊற்றினார்களா?

அளவு சரியா என்று பார்க்க டேங்கை நம்பக் கூடாது. அதற்கென்று ஒவ்வொரு பங்க்கிலும் 5 லிட்டர் அளவை வைத்திருக்க வேண்டும். கழுத்து ஒடுங்கிய உலோகப் பாத்திரம், கழுத்தில் கண்ணாடியும் கோடுகளும் இருக்கும், எடையளவு அதிகாரிகள் அடித்த முத்திரை இருக்கும். வாடிக்கையாளர் கேட்டால் அளந்து காட்டியே ஆக வேண்டும், அதற்குக் காசு கிடையாது. அளந்த பெட்ரோல் திரும்ப நிலத்தடி டேங்குக்கே போய்விடும்.

அளக்கும் முறை முக்கியம். முதலில் முத்திரையில் எந்த வருஷம் என்று பாருங்கள். பாத்திரத்தைச் சமதரையில் வைக்கச் சொல்லுங்கள். உலர்ந்த பாத்திரத்தில் நேரே அளந்தால் சுவரில் ஒட்டும் பெட்ரோலே கணக்கில் குறையும், அதனால் ஒருமுறை நிரப்பிக் கவிழ்த்து, அரை நிமிடம் வடியவிட வேண்டும். பிறகு மெஷினில் 5 லிட்டர் செட் பண்ணி, நீங்கள் வழக்கமாகப் போடும் அதே கன்னில் ஊற்றச் சொல்லுங்கள். நுரை அடங்கிய பிறகு கண்ணைக் கோட்டு மட்டத்துக்கு இறக்கிப் பாருங்கள். 5 லிட்டருக்கு 25 மி.லி. வரை கூடக்குறைய இருக்கலாம், அது சட்டம் அனுமதிக்கும் பிழை. அதற்கு மேல் குறைந்தால் அந்தக் கன்னில் விற்பனையை நிறுத்த வேண்டும்.

25 மி.லி. என்றால் அரை சதவீதம். உங்கள் 75 லிட்டருக்கு 375 மி.லி., அதாவது மாதம் 38 ரூபாய். 5 லிட்டருக்கு 100 மி.லி. குறைந்தால் மாதம் ஒன்றரை லிட்டர், 150 ரூபாய் போய்விடும்.

510, 520 கதைக்கு வருவோம். நீங்கள் ரூபாயைச் சொன்னால் மெஷின் அன்றைய விலையால் வகுத்து லிட்டரை எடுத்துக்கொள்கிறது. 500 அதற்கு ஒன்றுதான், 517-ம் ஒன்றுதான். ஓட்டத்தை எண்ணும் பல்சரிலோ போர்டிலோ கைவைத்திருந்தால் எந்தத் தொகைக்கும் அதே விகிதத்தில் குறையும். 2017 ஏப்ரலில் லக்னோவில் உத்தரப் பிரதேச சிறப்பு அதிரடிப் படை ரெய்டு நடத்தியபோது மெஷினுக்குள் சிப் பொருத்தி ரிமோட்டில் இயக்கியதைக் கண்டுபிடித்தார்கள். அப்படிப்பட்ட இடத்தில் 510 என்று கேட்டு என்ன பயன்? ரிமோட் வைத்திருப்பவன் அளவைப் பாத்திரத்தைப் பார்த்ததும் அணைத்துவிடுவான் என்பதால், முன்கூட்டியே மேனேஜரிடம் போய்ச் சொல்லாமல், உங்கள் வண்டிக்கு ஊற்றி முடித்த கையோடு அங்கேயே நின்று கேளுங்கள்.

ஆனால் சாதாரணமாகக் காசு போவது சிப்பில் இல்லை, ஜீரோவில். முந்தைய வண்டிக்கு 200 ரூபாய்க்குப் போட்டிருப்பார்கள், மீட்டரை அழிக்காமல் உங்களுக்கு 1,000 வரை ஓட்டுவார்கள். அல்லது 1,000 கேட்டால் 200-ல் நிறுத்தி, "சார், இருநூறுன்னு கேட்டுச்சு" என்று சொல்லி, ஜீரோ பண்ணாமல் மீண்டும் அழுத்தி 1,000-ல் நிறுத்துவார்கள். உங்களுக்கு வந்தது 800-க்குத்தான். அந்த நேரத்தில்தான் இன்னொருவர் கண்ணாடி துடைக்க வருவார், கார்டா கேஷா என்று கேட்பார். வண்டியை விட்டு இறங்கி மெஷின் பக்கம் நில்லுங்கள். விலை, லிட்டர், தொகை மூன்றையும் பாருங்கள். நடுவில் நின்றுவிட்டால் இதுவரை ஓடியதற்குத் தனி பில் வாங்கிவிட்டு மீதியை ஜீரோவிலிருந்து போடச் சொல்லுங்கள். இந்த ஒரு பழக்கம் மற்ற எல்லா யோசனைகளையும் விடப் பெரியது.

விடியற்காலை விஷயம்: பெட்ரோல் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.1% விரியும். அது உண்மை. ஆனால் சேமிப்பு டேங்க் மண்ணுக்கடியில் இருக்கிறது, காலைக்கும் மதியத்துக்கும் அங்கே சூடு அதிகம் மாறாது. 3 டிகிரி மாறியதாகவே வைத்துக்கொண்டாலும் 30 லிட்டருக்கு 90 மி.லி., ஒன்பது ரூபாய். தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். காலை 6 மணிக்கு ஒரு அர்த்தம் உண்டு: 2017 ஜூன் 16 முதல் நாடு முழுக்கத் தினசரி விலை முறையில் விலை மாறினால் அது அந்த நேரத்தில்தான்.

கன்னை மெதுவாக அழுத்துவதாலும் அளவு கூடாது. மீட்டர் கன அளவைத்தான் எண்ணுகிறது. ஒன்று மட்டும் செய்யலாம்: ஓட்டம் நின்றதும் கன்னை வெடுக்கென்று உருவாமல் இரண்டு மூன்று விநாடி அப்படியே விட்டு, மூக்கை மேலே தூக்கி எடுக்கச் சொல்லுங்கள். மூக்கில் நிற்பது சில மி.லி.தான், ஆனால் அது உங்களுடையது.

---

ஸ்பேனர்_16:

மேலே அண்ணன் கேட்ட கேள்விதான் என் கேள்வியும். 33.4 என்றால் கட் ஆன பிறகும் ஊற்றியிருக்க வாய்ப்பு உண்டு. தயவுசெய்து இனி அதை அனுமதிக்காதீங்க, இதில்தான் பெரிய செலவு ஒளிஞ்சிருக்கு.

கன் மூக்கின் நுனியில் சின்ன ஓட்டை ஒன்று இருக்கும். பெட்ரோல் மட்டம் ஏறி அந்த ஓட்டையை அடைச்சதும் உள்ளே காற்றிழுப்பு மாறி கன் தானாகக் கட் ஆகும். அதற்கு மேல் ஊற்றுவது அந்தக் காலி இடத்துக்குள் போகுது. அங்கிருந்து ஒரு குழாய் கரி நிரப்பிய கேனிஸ்டருக்குப் போகும். அதன் வேலை பெட்ரோல் ஆவியைப் பிடிச்சு வச்சு, இன்ஜின் ஓடும்போது பர்ஜ் வால்வு வழியா எரிக்கக் கொடுக்கிறது. ஆவிக்குப் பதில் பெட்ரோலே போய்ச் சேர்ந்தா கரி நனைஞ்சு கெட்டுப் போகும். அடையாளம் என்னன்னா, பெட்ரோல் போட்டு முடிச்சதும் ஸ்டார்ட் ஆகத் திணறும், ஐடிலில் தடுமாறும், செக் இன்ஜின் விளக்கு எரியும். அடுத்தடுத்த முறை பங்க்கில் கன் காரணமில்லாம டக் டக்னு கட் ஆகிட்டே இருக்கும். பல பேர் கன்னைக் குறை சொல்லிட்டு வந்திடுறாங்க. கேனிஸ்டர் மாத்தினா ஆயிரக்கணக்கில் செலவு. ரவுண்டாக்கும் 30 ரூபாய்க்கு இது தேவையா? "ஃபர்ஸ்ட் கட்டில் நிறுத்துங்க, ரவுண்ட் வேண்டாம்"னு கன்னை மாட்டுறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க.

எதிர்ப்பக்கம், ரிசர்வ் விளக்கு எரிய எரிய ஓட்டுறதும் மிச்சம் இல்லை. பம்ப் டேங்குக்குள்ளேயே இருக்கு, சுத்தி நிற்கும் பெட்ரோல்தான் அதைக் குளிர வைக்குது. கால் டேங்குக்குக் கீழே இறங்க விடாதீங்க. "பாதி டேங்க்தான் வச்சிருக்கணும், எடை குறையும்"னு சொல்றதும் வேண்டாம். 16 லிட்டர் பெட்ரோல் 12 கிலோதான் வரும், டிக்கியில் கிடக்கும் சாமானைக் குறைச்சாலே அது சரியாகிடும்.

95 ஆக்டேன்: உங்க இன்ஜினுக்குத் தேவையில்லை. ஆக்டேன் என்பது பெட்ரோலின் சக்தி அளவு இல்லை, அழுத்தத்தில் தானா வெடிக்காம எவ்வளவு தாங்கும்னு சொல்ற எண். மேனுவலில் உயர் ஆக்டேன் கேட்கும் டர்போ வண்டிகளுக்குத்தான் பலன். இன்னொரு விஷயம், இப்ப சாதாரணமா வரும் 20% எத்தனால் பெட்ரோலுக்கான இந்தியத் தரநிலையே ஆக்டேன் 95 கேட்குது. பிரீமியத்தில் கூடுதலா வாங்குறது சுத்தப்படுத்தும் ரசாயனம்தான். லிட்டருக்கு 7 ரூபாய் கூடுதல்னு வச்சா 7%. அதை ஈடுகட்ட மைலேஜ் 16-லிருந்து 17.1-க்கு ஏறணும். ஏறாது.

எத்தனால் பத்தி நீங்க கேட்கலை, ஆனா தெரிஞ்சுக்கணும். எத்தனாலில் லிட்டருக்கு இருக்கும் வெப்ப ஆற்றல் பெட்ரோலை விட மூணில் ஒரு பங்கு குறைவு. 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகம் சொன்ன கணக்கே, 10% எத்தனாலுக்கு வடிவமைச்சு 20%-க்கு ட்யூன் பண்ணின கார்களில் 1 முதல் 2%, மத்ததில் 3 முதல் 6% மைலேஜ் குறையும் என்பது. 2019 வண்டியில் 16.8 கொடுத்தது 16-க்கு வந்திருந்தா உடனே பங்க்கைச் சந்தேகப்படாதீங்க.

டயர் காற்று மாதம் இருமுறை. பங்க்கில் காற்று இலவசமாக் கொடுக்கணும். டிரைவர் கதவைத் திறந்தா தூணில் ஸ்டிக்கர் இருக்கும், அதில் போட்ட அளவு. டயர் ஆறியிருக்கும்போது பிடிக்கணும். 20 கி.மீ. ஓட்டி வந்து பிடிச்சா சூட்டில் அளவு கூடக் காட்டும், காத்தை இறக்கி விட்டுடுவாங்க.

---

கணக்குப்பிள்ளை:

கார்டு பற்றி யாரும் சொல்லவில்லை. இங்கே விளம்பரத்தை அப்படியே நம்பாமல் கணக்கைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கிரெடிட் கார்டில் பெட்ரோல் போட்டால் 1% சர்சார்ஜ் (கூடுதல் கட்டணம்) பிடிப்பார்கள், அதன் மேல் 18% ஜிஎஸ்டி. பெட்ரோல் கார்டுகள் அந்த 1%-ஐத் திருப்பித் தருகின்றன, ஜிஎஸ்டியைத் தருவதில்லை. யுபிஐ, கேஷ் இரண்டிலும் சர்சார்ஜே கிடையாது. ஆக "1% தள்ளுபடி" என்பது லாபம் இல்லை, உங்களிடம் எடுத்ததைத் திருப்பித் தருவது.

எடுத்துக்காட்டாக பிபிசிஎல் எஸ்பிஐ கார்டு 4.25% என்று விளம்பரம் செய்கிறது. அதில் 1% இந்தச் சர்சார்ஜ். பாயின்டாக வருவது 3.25%: 100 ரூபாய்க்கு 13 பாயின்ட், 4 பாயின்ட் ஒரு ரூபாய். உங்கள் 7,600-க்கு 988 பாயின்ட், 247 ரூபாய். திரும்பி வராத ஜிஎஸ்டி 14 ரூபாயைக் கழித்தால் மாதம் 233. ஒரு பில்லிங் சுற்றில் 1,300 பாயின்ட்தான் உச்சவரம்பு, 10,000 ரூபாய்க்கு மேல் போட்டால் அந்த விகிதம் கிடைக்காது. வருடக் கட்டணம் 499 மற்றும் ஜிஎஸ்டி, ஆண்டுக்கு 50,000 செலவழித்தால் கட்டணம் தள்ளுபடி. இந்த நிபந்தனைகளை வங்கிகள் மாற்றிக்கொண்டே இருக்கும், விண்ணப்பிக்கும் அன்று பக்கத்தைத் திறந்து படியுங்கள்.

எந்தக் கார்டாக இருந்தாலும் மூன்று இடத்தில் பணம் நழுவும். சர்சார்ஜ் தள்ளுபடிக்குக் குறைந்தபட்ச, அதிகபட்சத் தொகை வைத்திருப்பார்கள். 300, 300-ஆகப் போட்டால் பல கார்டுகளில் தள்ளுபடி கிடையாது. சில கார்டுகளுக்கு அந்த வங்கியின் மெஷினில் தேய்த்தால்தான் செல்லும், அதனால் பங்க்கில் இரண்டு மெஷின் இருந்தால் எது என்று கேட்டுத் தேய்க்க வேண்டும். மூன்றாவது, ஒரு மாதம் பில்லை முழுசாகக் கட்டாமல் மினிமம் மட்டும் கட்டினால் வட்டி மாதம் 3% பக்கம் போகும். அந்த மாதப் பாயின்ட் அதில் கரைந்துவிடும். முழுசாகக் கட்டுவது உறுதி என்றால் மட்டும் கார்டு, இல்லையென்றால் யுபிஐயே நல்லது.

---

ஈசிஆர்_பயணி:

புதுச்சேரி கணக்கு. வாட் வரி குறைவு என்பதால் அங்கே விலை குறைவு என்பது உண்மை. லிட்டருக்கு 5 ரூபாய் குறைவு என்றே வைத்துக்கொள்வோம். 28 லிட்டர் போட்டால் 140 ரூபாய் மிச்சம். போக வர 76 கி.மீ., உங்கள் மைலேஜில் 4.75 லிட்டர், அதுவே 480 ரூபாய். பெட்ரோலுக்காக மட்டும் போகாதீர்கள். வேறு வேலையாக அந்தப் பக்கம் போனால், திரும்பும்போது புதுச்சேரி எல்லையைத் தாண்டுவதற்கு முன் ஃபுல் பண்ணிக்கொள்ளுங்கள், அது சுத்த லாபம். கேனில் வாங்கிக் கொண்டுவரும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். காருக்குள் பெட்ரோல் ஆவி சேர்ந்தால் ஒரு பொறி போதும், எல்லையில் பிடித்தால் வழக்கும் வரும்.

மற்ற எல்லைகளிலும் இதே யோசனைதான், திசை மட்டும் மாறும். கேரளாவிலும் ஆந்திராவிலும் தமிழ்நாட்டை விட விலை அதிகம். பாலக்காடு போவதாக இருந்தால் வாளையாருக்கு முன்பே, திருப்பதி போவதாக இருந்தால் திருத்தணிப் பக்கமே நிரப்பிவிட வேண்டும். தமிழ்நாட்டுக்குள்ளேயும் ஊருக்கு ஊர் பைசாக் கணக்கில் மாறும், டெப்போவிலிருந்து லாரி வாடகை சேர்வதால். ஊட்டி ஏறப் போகிறவர்கள் கீழேயே போட்டுக்கொள்ளலாம்.

---

திண்டிவனம்_வேகன்ஆர்:

எல்லோருக்கும் நன்றி. ஆம், கட் ஆன பிறகு ரவுண்டாக்கித்தான் போட்டார்கள். இன்னும் இரண்டு சந்தேகம். மைலேஜைச் சரியாக எப்படி அளப்பது? டிஸ்ப்ளேயில் காட்டுவது 17.5, நான் கணக்குப் போட்டால் 16. அப்புறம், கலப்படம் இருக்கிறதா என்று பங்க்கிலேயே பார்க்க வழி உண்டா? மழைக்காலத்தில் பெட்ரோலில் தண்ணீர் என்று கேள்விப்படுகிறேன்.

---

ஸ்பேனர்_16:

டிஸ்ப்ளே இன்ஜெக்டர் திறக்கும் நேரத்தை வச்சுக் கணக்குப் போடுது, பெரும்பாலும் கொஞ்சம் தாராளமாத்தான் காட்டும். டேங்க் டு டேங்க் முறைதான் சரி. ஃபர்ஸ்ட் கட் வரை போட்டு ட்ரிப் மீட்டரை ஜீரோ பண்ணுங்க. குறைந்தது 300 கி.மீ. ஓட்டிட்டு அதே பங்க், அதே மெஷின், முடிஞ்சா வண்டி அதே பக்கம் நின்னு, மறுபடி ஃபர்ஸ்ட் கட். ஓடின கி.மீ.யை இரண்டாவது பில்லின் லிட்டரால் வகுங்க. தரை சாய்ஞ்சிருந்தாலே ஒரு லிட்டர் வரை முன்னப்பின்ன கட் ஆகும், அதனால் தொடர்ந்து மூணு பில்லின் லிட்டரையும் கி.மீ.யையும் கூட்டிப் பார்த்தா நம்பலாம்.

ஓட்டும்போது இறக்கத்தில் நியூட்ரல் போடுறவங்க அதிகம். அது நஷ்டம். கியரில் இருந்து ஆக்ஸிலரேட்டரை விட்டா இன்ஜெக்டர் பெட்ரோலை முழுசா நிறுத்திடும். நியூட்ரலில் இன்ஜின் அணையாம இருக்க ஐடில் பெட்ரோல் குடிக்கும், பிரேக் பாரமும் கூடும்.

---

அளவுகோல்:

கலப்படத்துக்கு இரண்டு சோதனை. ஃபில்டர் பேப்பர் பங்க்கில் இலவசமாகத் தர வேண்டும். கன் மூக்கைத் துணியால் துடைத்துவிட்டு, மூக்கிலிருந்து ஒரு சொட்டு பேப்பரில் விடுங்கள். இரண்டு நிமிடத்தில் ஆவியாகி எண்ணெய்க் கறை இல்லாமல் இருந்தால் சரி. சாயம் போட்ட பெட்ரோலில் லேசான நிறம் நிற்கலாம், அது கலப்படம் இல்லை. மண்ணெண்ணெய், டீசல் மாதிரிக் கனமானது கலந்திருந்தால் கறை நிற்கும். மூக்கைத் துடைக்காமல் செய்தால் அதில் படிந்த அழுக்கே கறையாக விழும்.

இரண்டாவது அடர்த்தி. 500 மி.லி. ஜாடி, ஹைட்ரோமீட்டர், தெர்மாமீட்டர் மூன்றும் பங்க்கில் இருக்கும். பெட்ரோலை ஜாடியில் பிடித்து ஹைட்ரோமீட்டர் சுவரைத் தொடாமல் மிதக்க விட்டு அளவையும், கூடவே வெப்பநிலையையும் குறிக்க வேண்டும். பிறகு அட்டவணையைப் பார்த்து 15 டிகிரிக்கு மாற்ற வேண்டும். 33 டிகிரியில் எடுத்த எண்ணை அப்படியே ஒப்பிட்டுவிட்டுக் குறைகிறது என்று சண்டை போடக் கூடாது. மாற்றிய எண், போர்டில் அல்லது ரெஜிஸ்டரில் எழுதியிருக்கும் எண்ணிலிருந்து 3-க்கு மேல் (கன மீட்டருக்குக் கிலோ கணக்கில்) விலகினால் சந்தேகப்படலாம்.

தண்ணீர் இப்போது முன்பை விடப் பெரிய பிரச்சினை, காரணம் எத்தனால். அது தண்ணீரை இழுத்துக் கரைத்துக்கொள்ளும். ஒரு அளவுக்கு மேல் போனால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தனி அடுக்காக இறங்கிவிடும். கார் பம்ப் உறிஞ்சுவது அடியிலிருந்துதான். பங்க்கை விட்டு சில கி.மீ.க்குள் வண்டி குலுங்கி நின்றால் தொடர்ந்து செல்ஃப் அடிக்காதீர்கள். டேங்கை இறக்கிக் கழுவும்போது மெக்கானிக்கிடம் சொல்லி, ஒரு தெளிவான கண்ணாடி பாட்டிலில் மாதிரி பிடித்து வையுங்கள், இரண்டு அடுக்காகப் பிரிந்து நிற்பது கண்ணுக்கே தெரியும். வெள்ளம் தேங்கி வடிந்த பங்க்கில் சில நாள் போடாமல் இருப்பது நல்லது.

பில் இல்லாமல் எந்தப் புகாரும் நிற்காது. தேதி, நேரம், மெஷின் எண், கன் எண் அதில் இருக்கும். தெர்மல் பேப்பர் சில மாதத்தில் வெளுத்துவிடும், அன்றே ஃபோட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பங்க்கில் புகார்ப் புத்தகம் கேளுங்கள், எண்ணெய்க் கம்பெனி அதிகாரியின் எண் போர்டில் இருக்கும். அளவு குறைவுக்குத் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவு, இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.